போதைப்பொருள் வழக்கில் தண்டனை: மேல்முறையீடு செய்வது எப்படி

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) கீழ் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் கணக்கில் சேராது. வக்கீல் வைக்க வசதியில்லையா? சிறை அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

கூடவே தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போடுங்கள். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால், ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை வைக்கும் இச்சட்டத்தின் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பெரும்பாலும் இங்கேதான் மனு அடிபடுகிறது.

ஆவணங்களை வரிவரியாகப் படியுங்கள். பிடிபட்ட சரக்கின் மாதிரியை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் எடுத்தார்களா? இந்த ஒரு குறை மட்டுமே விடுதலைக்குப் போதாது. உடல் சோதனைக்கு முன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கலாம் என்ற 50-ஆம் பிரிவு உரிமையைச் சொன்னார்களா? சரக்கு பையில் சிக்கியிருந்தால் இந்த வாதம் எடுபடாது. அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பித் தண்டித்திருந்தால், அத்தகைய வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த டோஃபான் சிங் தீர்ப்பைக் காட்டுங்கள்.