பேஸின் சுருதி பிடித்து ட்ரம் அண்ட் பேஸ் கலப்பது

இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம் ட்ரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையில் இரண்டு பாட்டைச் சேர்த்து ஓடவிட்டிருந்தேன். தாளம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. நாதஸ்வரம் வாசிக்கும் சித்தப்பா படலையைத் திறந்து வந்தவர், கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "தம்பி, ஒண்டு நாலு கட்டை, மற்றது நாலரை. எப்பிடிச் சேரும்?" என்றார். கண்ணாடி அலுமாரி விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் சொன்னது சரி. ஒன்றின் பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரம், எஃப் (நாலு கட்டை), மற்றது எஃப் ஷார்ப் (நாலரை). ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸும் 46 ஹெர்ட்ஸும். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை சத்தம் வீங்கி வீங்கி அடங்கும். அலுமாரி அதிர்ந்ததும் அதனால்தான்.

இந்த இசையில் வேகம் பெரிய சிக்கலே இல்லை. பெரும்பாலான பாட்டுகள் நிமிடத்துக்கு 170க்கும் 180க்கும் இடைப்பட்ட அடிகளில் வரும், 174 மிகச் சாதாரணம். டிஜே மென்பொருள் பாதியாக 87 என்று காட்டினால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 172ஐ 174 ஆக்க ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூட்டினால் போதும். சுருதி அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும், காதை உறுத்தாது. ஆனால் 170ஐ 180க்கு இழுத்தால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத கீ லொக் என்ற வசதியைப் போட்டால் சுருதி நிற்கும், ஆனால் அதிகம் இழுத்தால் ஸ்நெயார் ட்ரம் அடியின் கூர்மை மழுங்கும். எனக்கு அது பிடிக்காது. பக்கத்து வேகத்தில் இருக்கும் பாட்டையே தேடுவேன்.

அப்புறம் சுருதி. எந்தச் சுருதி எதோடு சேரும் என்று டிஜேக்கள் பார்க்கும் கமலொட் சக்கரத்தில் 1 முதல் 12 வரை எண்கள், மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. எஃப் மைனர் 4ஏ. அதே எண்ணிலோ, ஒன்று கூடியோ குறைந்தோ இருப்பது சேரும்: 5ஏ, 3ஏ, 4பி. சங்கீதம் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஒரு எண் கூடினால் பஞ்சமத்துக்குப் போகிறோம், குறைந்தால் மத்திமத்துக்கு. எஃப் ஷார்ப் மைனரோ 11ஏ. அரைக் கட்டைதான் வித்தியாசம், சக்கரத்தில் எவ்வளவு தூரம் பாருங்கள்!

மென்பொருள் சொல்லும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். பேஸ் வழுக்கி வழுக்கிப் போகும் பாட்டில் அது அடிக்கடி பிழை விடும். ஹெட்போனில் கேட்டபடி வாயை மூடி முனகுங்கள். குரல் எந்தச் சுரத்தில் போய் ஆறுதலாக உட்காருகிறதோ அதுதான் ஸ. போனில் ஒரு சுருதிப்பெட்டி செயலியைத் திறந்து எத்தனை கட்டை என்று ஒப்பிட்டு, பாட்டின் பெயரோடு எழுதி வையுங்கள். நான் ஒரு கொப்பி முழுக்க எழுதி வைத்திருக்கிறேன்.

சுருதி சேர்ந்தாலும் இரண்டு பேஸையும் ஒன்றாக விடக் கூடாது. மிக்ஸரில் பேஸைக் கூட்டிக் குறைக்கும் லோ குமிழைப் புதுப் பாட்டுக்கு முழுதாகக் குறைத்துவிட்டு, பழைய பாட்டில் பதினாறு பார் (ஒரு பாருக்கு நாலு அடி) தொடங்கும் முதல் அடியில் அதை ஓடவிடுங்கள். 174 வேகத்தில் பதினாறு பார் 22 செக்கன். அந்த நேரம் மேலே சிம்பலும் ஸ்நெயாரும் மட்டும் கலக்கட்டும். அடுத்த பதினாறின் முதல் அடியில் ஒரு கையால் பழையதன் லோவை இறக்கி, மற்றக் கையால் புதியதன் லோவை ஏற்றுங்கள். இரண்டு கையும் ஒரே அடியில் திரும்ப வேண்டும்.