யானை வருவதைச் சொல்லும் சிறு ரேடார்: காசை எதில் போடுவது?

தடாகம், ஆனைமலை அடிவாரத் தோட்டங்களுக்கு ரேடார் செய்ய நினைக்கிறவர்கள், பாகம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: தூரத்தை முடிவு செய்யுங்கள்
யானை விநாடிக்கு ஒன்றரை மீட்டர் நடக்கிறது என்று வைத்தால், 150 மீட்டரில் தெரிந்தால் நூறு விநாடி அவகாசம். அது போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். திரும்பி வரும் சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 300 மீட்டர் கேட்டால் 16 மடங்கு பவர் வேண்டும்.

படி 2: துல்லியம்
24 கிகாஹெர்ட்ஸில் 250 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் (அலை பரந்திருக்கும் அதிர்வெண் அகலம்) இருந்தால், தூரத்தில் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்தறியலாம். யானைக்கு இது தாராளம்.

படி 3: பவரைத் தொடாமல் தூரத்தைக் கூட்டுங்கள்
அனுப்பவும் வாங்கவும் ஒரே ஆன்டெனா என்றால், அதன் நீளம், அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கினாலே அந்த 16 மடங்கு கிடைத்துவிடும். ஆனால் ரேடார் அலை போகும் கற்றை பாதியாகக் குறுகும், வேலியில் பாதிதான் தெரியும். நீளமான வேலிக்கு இன்னொரு ரேடார் வாங்க வேண்டிவரும்.

இதைவிட மலிவானது நேரம். யானை மெதுவாக வருகிறது, அவசரமில்லை. சிக்னலை அதிக நேரம் சேர்த்துக் கூட்டினால் இரைச்சலுக்கு மேல் எழும்பி வரும். நடை வேகம் மாறுவதால் முழுப் பலன் கிடைக்காது, ஆனாலும் செலவு வெறும் மென்பொருள்தான். ஒன்றரை மீட்டர் வேகத்துக்கு டாப்ளர் அதிர்வெண் (அசைவால் திரும்பி வரும் அலையில் ஏற்படும் அதிர்வெண் மாற்றம்) 240 ஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்கிற அளவு. சிக்னலை எண்ணாக்க விலை உயர்ந்த, வேகமான மாற்றி எதற்கு?

படி 4: காற்றைக் கணக்கில் எடுங்கள்
இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னை மட்டை ஓயாமல் ஆடும். ரேடாருக்கு அதுவும் அசைவுதான். பவரைக் கூட்டினால் மட்டையின் எதிரொலியும் அதே அளவு கூடும், ஒரு பைசா பிரயோசனமில்லை. கற்றையைத் தாழ்வாக, மட்டைக்குக் கீழே போகும்படி வையுங்கள்.

அப்புறம், 10.525 கிகாஹெர்ட்ஸ் டாப்ளர் மாட்யூல் மலிவாகக் கிடைக்கும். அது அசைவை மட்டும் சொல்லும், தூரம் சொல்லாது. மட்டை அங்கேயே முன்னும் பின்னும் ஆடும். யானை நம்மை நோக்கி வந்தால் தூரம் தொடர்ந்து குறையும். இந்த வித்தியாசம் தெரியாத கருவி ஆடி முழுக்கப் பொய் அலாரம் அடிக்கும், தோட்டத்துக்காரர் அதை அணைத்துவிடுவார். அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே அலை அனுப்பி, தூரமும் சொல்லும் எஃப்எம்சிடபிள்யூ (FMCW) மாட்யூலுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.