கூட்டாகத் தொழில் தொடங்கும் படைப்பாளிகள் முதலில் எழுதிவைக்க வேண்டியவை

வடிவமைப்பாளர், புகைப்படக் கலைஞர், எழுத்தாளர் என நான்கைந்து ஃப்ரீலான்சர்கள் ஒரே பெயரில் வேலை எடுக்கத் தொடங்கும்போது, கடன் வந்தால் யார் பொறுப்பு என்பதையே முதலில் பேசித் தீர்க்க வேண்டும். லாபத்தைப் பங்கிட்டு, ஒருவர் சார்பில் மற்றவர் ஒப்புக்கொண்டு தொழில் நடத்தினால், பத்திரமே எழுதாவிட்டாலும் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி அது கூட்டாண்மையாகக் கருதப்படலாம். அப்போது ஒருவர் நிறுவனத்தின் பெயரில் ஏற்ற கடனுக்கு மற்றவர்களின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். பங்கு விகிதம் பேசப்படவில்லையென்றால் லாபம் சமமாகவே பிரியும். பதிவு செய்யாத கூட்டாண்மை, பணம் தராத வாடிக்கையாளர் மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குத் தொடர முடியாது. ஆனால் அந்த வாடிக்கையாளர் அதன் மீது வழக்குத் தொடரலாம்.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரண்டு பேரே தொடங்கக்கூடிய எல்.எல்.பி. எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, சொந்தச் சொத்தைப் பெரும்பாலும் காக்கும். வருமானமே இல்லாத ஆண்டிலும் அறிக்கைகள் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், எப்போதாவது சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களில் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மற்றவர்களுக்கு எழுத்துபூர்வமாகப் பணி பிரித்துக் கொடுப்பதே போதும். ஆனால் முழு இன்வாய்ஸ் தொகையும் அவருடைய விற்றுமுதலாகவே கணக்கிடப்படும் என்பதால், சேவைகளுக்கான ஜிஎஸ்டி வரம்பான 20 லட்சத்தை அவர் எதிர்பாராமல் தாண்டிவிடக்கூடும்.

மிகுந்த கவனம் வேண்டியது பதிப்புரிமையில்தான். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, கட்டணம் பெற்றுக்கொண்டு எடுத்துத் தந்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் வாடிக்கையாளரே. அதே பணிக்காக ஒரு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் எழுதிய வாசகமோ எழுதியவருக்கே உரியது. அந்த உரிமையை மாற்றித் தரக் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியாவுக்கும் மட்டுமே அது செல்லும். ஆகவே எதை, எவ்வளவு காலத்துக்கு, எங்கே பயன்படுத்தலாம் என்பதையும், படைப்பாளி அதைத் தம் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்பதையும் ஒவ்வொரு பணி ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும்.

நிறுவனமாகத் தொடங்கினால் அதன் பெயரில் பான் அட்டையும் நடப்புக் கணக்கும் எடுத்து, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான கட்டணமில்லாத அரசுப் பதிவான உத்யம் பதிவையும் வேலை ஏற்கும் முன்பே முடித்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை, உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். ஒருவர் விலகினால் பாதியில் நிற்கும் பணியை யார் முடிப்பது, வரவேண்டிய பாக்கியில் அவருக்கு எவ்வளவு, குழுவின் பெயர் யாரிடம் இருக்கும் என்பதை, எல்லோரும் நல்லுறவில் இருக்கும் இப்போதே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.