சண்டை இழுத்துக்கொண்டே போகிறதா? எதிரிக்கு ஒரு வேலை கொடுங்கள்

டர்பன், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வராந்தாவில் சனிக்கிழமை மாலைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, ஒரு சாகசக் கதையைச் சேர்ந்து சொல்லும் விளையாட்டு அது. கதையை நடத்துவதும் எதிரிகளை ஆட்டுவதும் நான். அந்த விளையாட்டில் சண்டையின் ஒரு சுற்று, அதாவது எல்லோருக்கும் ஒரு முறை, கதைக்குள் வெறும் 6 விநாடி. மேசையிலோ அது கால் மணி நேரம் ஓடும். தன் முறை வராதவர் போனை எடுத்துவிடுவார்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, எதிரிகளுக்கு நம்மைக் கொல்வதைத் தவிர வேறொரு நோக்கம் தருவது. போன வாரம் கொள்ளையர்கள் ஒரு தொங்குபாலத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் ஊர் சனம். சமையலறையிலிருந்து ஐந்து சுகர் பீன்ஸ் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். ஒரு பீன்ஸ், ஒரு கயிறு. சுற்று முடிய முடிய ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்றாவதை எடுத்ததும் ஒரு தம்பி எழுந்தே நின்றுவிட்டான்: "அண்ணா, சண்டை இருக்கட்டும், நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிச்சுக்கிறேன்!" அதற்குப் பிறகு யாரும் போனைத் தொடவில்லை.

அப்புறம், ஒருவர் பகடை உருட்டும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் "அடுத்து நீ" என்று சொல்லி வையுங்கள். அடி விழுந்தால் எத்தனை உயிர்ப்புள்ளி குறைந்தது என்ற எண்ணோடு நிறுத்தாமல், "கேடயம் பிளந்துவிட்டது, இடது கை தொங்குகிறது" என்று காட்டுங்கள்.

பாதி எதிரிகள் விழுந்ததும் மீதிப் பேர் ஓடட்டும், இல்லை சரணடையட்டும். கடைசி ஆளின் கடைசி உயிர்ப்புள்ளி வரை உருட்ட எனக்கு மனமே வராது. பிடிபட்டவனிடம் கேட்க எத்தனையோ கேள்விகள் இருக்கும்.