நாய், பூனை, இவர்: இலையுதிர் காலத்தில் வீட்டைச் சமாளிப்பது எப்படி

முதலில் ஒரு விதி. இலை வாரும்போது நாயையும் கணவரையும் ஒரே நேரத்தில் பின்வளவில் விடக் கூடாது. கீழே எழுதியிருப்பதில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், ரைகர் என்ற லாப்ரடோர், சின்னாச்சி என்ற சாம்பல் நிறப் பூனை. பெயர்தான் ரைகர், பலூனைக் கண்டால் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஓடி ஒளிகிற பிறவி. அதிகாரம் முழுக்கச் சின்னாச்சியின் கையில். ஒக்டோபர் தொடங்கி முதல் பனி நிலத்தில் தங்கும்வரை இந்த ஊரில் வீட்டு வேலைக்குக் குறைவில்லை, எந்த வேலையைத் தொட்டாலும் இந்த மூவரில் ஒருவர் குறுக்கே வருவார். ஆகவே வேலையை எப்படிச் செய்வது என்பதோடு, அந்த நேரத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இலை

எங்கள் தெருவில் நிற்பது பெரும்பாலும் நோர்வே மேப்பிள். சிவக்கிற மேப்பிள்கள் எல்லாம் முன்னரே நிறம் மாறி, படம் எடுக்க ஆட்களைக் கூட்டி, கொட்டி முடித்துவிடும். நோர்வே மேப்பிள் நவம்பரிலும் பச்சையும் மஞ்சளுமாக அடம்பிடித்து நிற்கும். பக்கத்தில் ஓக் இருந்தால் இன்னும் சங்கடம். காய்ந்து மண்ணிறமான பிறகும் அதன் இலைகள் கிளையை விடுவதில்லை. இவர் வருசா வருசம் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது: "எல்லாம் கொட்டி முடியட்டுமப்பா, ஒரேயடியா வாருவம்." இந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். காத்திருந்தால் மழை வரும். நனைந்த இலை புல்லோடு படிந்து ஒட்டிக்கொள்ளும், கீழே புல் வெளிச்சமில்லாமல் வெளிறிவிடும், கடதாசிப் பை அடி கழன்று தெருவோரத்தில் மானத்தை வாங்கும்.

ரொறன்ரோ நகரசபை இலையைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் எடுக்காது. கடதாசிப் பை வேண்டும், அல்லது மூடியில்லாத உறுதியான தொட்டி வேண்டும். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த இலையை எவ்வளவு அமுக்கினாலும் அந்த நிறை வராது. ஈர இலைக்கு அது சிரமமே இல்லை. இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் இருந்த ஒரு பிற்பகலைப் பிடியுங்கள்.

இனி முறை. ரைகரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் புல்லில் விரித்து, இலையை ரேக்கால் அதன்மேல் இழுங்கள். நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினால் ஒரே தூக்கில் பாதிப் பை நிரம்பும். பையின் வாய் மடிந்து மடிந்து விழுவதுதான் இந்த வேலையில் பெரிய எரிச்சல். ஒரு காட்போர்ட் அட்டையைச் சுருட்டி வாய்க்குள் செருகுங்கள், புனல் மாதிரி விரிந்து நிற்கும். பை நிரம்பியதும் அட்டையை உருவி அடுத்த பைக்கு வைத்துக்கொள்ளலாம். இவரை ரேக் பக்கம் நிறுத்துங்கள், நீங்கள் பையைப் பிடியுங்கள். மாற்றி நின்றால் அவர் பையைப் பிடித்தபடி ஃபோனைப் பார்ப்பார்.

நாய்க்கு இதெல்லாம் யன்னல் வழியாகத் தெரியும், ஊளையிடும். அதற்கும் வழி உண்டு. கடைசியாக ஒரு சின்னக் குவியலை மட்டும் வேலியோர மூலையில் விட்டு, உள்ளே இரண்டு பிஸ்கட்டைப் புதைத்துவிட்டு, பைகளை எல்லாம் முன்பக்கம் கொண்டுபோன பிறகு ரைகரை அவிழ்த்து விடுங்கள். அது அதன் குவியல். அதில் அது என்ன அநியாயம் செய்தாலும் யாரும் கத்தக் கூடாது. இவரும் போய்க் குதிப்பார், அதையும் கண்டுகொள்ளாதீர்கள்.

இன்னொன்று: எல்லா இலையையும் வாரத் தேவையில்லை. புல்வெட்டும் மெஷினை அதன்மேல் ஓட்டினால் காய்ந்த இலை பொடியாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும், மண்ணுக்கு நல்லது. செடிகளுக்கு அடியில் கிடக்கிறதை அப்படியே விடலாம். வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு, விட்டில் முட்டை, பம்பிள்பீ ராணி எல்லாம் இலைக்கும் மேல்மண்ணுக்கும் அடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இந்தத் தகவலை இவரிடம் வேலை முடிந்த பிறகு சொல்லுங்கள். முதலே சொன்னால் வளவு முழுவதையும் பம்பிள்பீக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்.

உண்ணி

குளிர் வந்துவிட்டது, இனி உண்ணி இருக்காது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருக்கும் நாளெல்லாம் கருங்கால் உண்ணி நடமாடும், வளர்ந்த உண்ணிகளுக்கு ஒக்டோபரும் நவம்பரும் நல்ல வேட்டைக்காலம். லைம் நோயைக் கடத்துவது இந்த இனம்தான். ஸ்காபரோ ஓரத்துக் காட்டுப் பகுதியான ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாயின் காதுக்குள், கழுத்துப் பட்டிக்கு அடியில், முன்னங்கால் இடுக்கில், விரல்களுக்கு நடுவில் தடவிப் பாருங்கள். சின்னப் பருப்பு மாதிரி தட்டுப்பட்டால் கூர்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுங்கள். ஊரில் செய்ததுபோல் மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியே இவரின் காலுறையையும் பாருங்கள். நாய் அசையாமல் நிற்கும். கூச்சம் என்று துள்ளுவது மற்றவர்தான்.

ஸ்கங்க்

ஸ்கங்க் என்பது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட, பூனையளவு விலங்கு; மிரண்டால் நாற்றத் திரவம் பீய்ச்சும். இலையுதிர் காலத்தில் அது குளிருக்கு முன் கொழுப்புச் சேர்க்க இரவு முழுக்க மேயும். புல்லைக் கிண்டிப் புழு தேடும், குப்பைத் தொட்டியை மோப்பம் பிடிக்கும். ரைகர் அதைச் சின்னாச்சியின் உறவு என்று நினைத்து விளையாடப் போகும். அதன் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மீற்றர் தூரம்வரை பீய்ச்சும்.

அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் தக்காளிச் சாறு என்பார். தக்காளி மணத்தைப் போக்காது. மூக்கு ஸ்கங்க் மணத்துக்குப் பழகிப் போவதால் போனதாகத் தோன்றும், அவ்வளவுதான். சமையலுக்கு வைத்திருந்த தக்காளிதான் மிச்சமில்லாமல் போகும். அமெரிக்க வேதியியலாளர் பால் கிரேபாம் 1993இல் வெளியிட்ட கலவைதான் வேலை செய்யும்:

3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர், அப்பச்சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒன்றிரண்டு தேக்கரண்டி.

முதலில் நாயைத் தண்ணீரால் நனைக்காதீர்கள். வாளியில் கலந்து, நுரைக்கும்போதே கையுறை போட்டு உடம்பு முழுக்கத் தேயுங்கள். கண்ணுக்கும் வாய்க்குள்ளும் போகக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். நாற்றத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை இது மணமில்லாதவையாக மாற்றிவிடும். கறுத்த நாயாக இருந்தால் மயிர் கொஞ்சம் வெளுக்கலாம். மிஞ்சிய கலவையைப் போத்தலில் அடைத்து வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். "அடுத்த முறைக்கு வைப்பம்" என்று சேமிக்கும் குணமுள்ளவர் வீட்டில் இருந்தால், கலவையை ஊற்றிவிட்டு வாளியையும் நீங்களே கழுவிவிடுங்கள். ஸ்கங்க் கடித்திருந்தால் கதை வேறு: விசர்நோய் பரப்பும் விலங்கு அது, உடனே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

பெரொக்சைட் போத்தல் ஒன்றை செப்டம்பரிலேயே வாங்கி கராஜில் வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு அந்தக் கோலத்தில் கடை தேடிப் போவது சுகமில்லை.

சூடு

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் முதல் நாள் ஓடும்போது தூசு கருகும் மணம் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகாவிட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மிருகங்கள் உள்ள வீட்டில் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் ரைகர் கோடை மயிரைக் கொட்டிவிட்டுக் குளிர்கால மயிர் வளர்க்கும், கொட்டியது எல்லாம் ஃபில்டரில் போய்ச் சேரும். புதியதைப் போடும்போது ஓரத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும். நாயைச் சீவுவது வெளியில் வைத்துத்தான். அந்த வேலை இவருக்கு. கறுத்த உடுப்போடு போக விடாதீர்கள்.

சின்னாச்சி சூடு வரும் துவாரத்தின்மேல் படுத்து முழு அறைக்கான காற்றையும் வயிற்றால் அடைத்துவிடும். விரட்டினால் பலன் இல்லை. துவாரத்துக்குப் பக்கத்தில் மடித்த துவாய் ஒன்றை வைத்து, அதன்மேல் இவரின் கழுவாத ஸ்வெட்டரைப் போடுங்கள். தானாக இடம் மாறும். ஸ்வெட்டர் இனி பூனையுடையது என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

தேர்மொஸ்டாட் சண்டையைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. எங்கள் வீட்டில் பகலில் 20, இரவில் 18. குளிருகிறவர் காலுறை போடலாம்.

எலிக்கு மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ஆபத்து. பென்சில் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும், ஆகவே குழாய்கள் சுவருக்குள் போகும் இடங்களில் ஸ்டீல் வூலைத் திணித்துப் பூசி அடையுங்கள். சின்னாச்சி எலி பிடிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், அது பார்த்துக்கொண்டிருக்கும் கட்சி.

வெளிக்குழாய்க்கு உள்ளே ஒரு வால்வு இருக்கும். அதைப் பூட்டி, ஹோஸைக் கழற்றி, வெளிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள். உறைந்தால் குழாய் வெடிக்கும். கராஜில் காருக்கு ஊற்றும் அன்டிஃப்ரீஸ் சிந்தியிருந்தால் உடனே துடையுங்கள். அதில் பொதுவாக உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், பூனைக்கு ஒரு தேக்கரண்டியே எமன்.

வாய்

தீபாவளி, ஹலோவீன், கந்தசஷ்டி எல்லாம் கிட்டக்கிட்ட வருகிற காலம் இது. ஹலோவீன் அன்று, ஒக்டோபர் 31, மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள் மணியடிக்கும் ஒவ்வொரு முறையும் ரைகர் பைத்தியமாகும். மாலை ஐந்தரைக்கே மேல்மாடி அறையில் விட்டு, ரேடியோவைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். சொக்கலேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, கறுத்த சொக்கலேட் இன்னும் மோசம். சீனியில்லாத சுவிங்கத்தில் வரும் சைலிட்டோலும், குட்டிப் பெட்டியில் கொடுக்கும் உலர்திராட்சையும் அப்படியே. மிட்டாய்ச் சட்டியை அலுமாரி மேல் வையுங்கள். இவருக்கும் அது எட்டாமல் இருந்தால் நல்லது.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை: கறி பிசைந்த சோற்றை நாய்க்கும் பூனைக்கும் வைக்காதீர்கள். ஊரில் நாய்கள் அதைத்தான் தின்று வளர்ந்தன என்று மாமி சொல்வார். வெங்காயமும் உள்ளியும் இரண்டுக்கும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், பூனைக்கு இன்னும் வேகமாக. மீனை உப்பும் தூளும் இல்லாமல் தனியாக அவித்துக் கொடுங்கள். ஹலோவீன் முடிந்ததும் பூசணிக்காய் மலிவாகும். வெறுமனே அவித்த பூசணி நாய்க்கு நல்லது, மிச்சத்தில் பால்கறி வைக்கலாம். வாசலில் முகம் வெட்டி வைத்திருந்ததைச் சமைக்காதீர்கள், அதை ஏற்கெனவே அணில் ருசி பார்த்திருக்கும்.

கந்தசஷ்டி விரதம் இவர் பிடிப்பார். பசியோடு இருப்பவரிடம் நாய்க்குச் சாப்பாடு போடும் வேலையைக் கொடுக்காதீர்கள். நாயின் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கிறார்.

மணிக்கூடு

நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கோடைகால நேரம் முடிந்து மணிக்கூட்டைப் பின்தள்ளுவார்கள்: அதிகாலை 2 மணி, 1 மணியாகும். மனிதருக்கு ஒரு மணி நேரம் கூடுதல் நித்திரை. நாயின் வயிற்றுக்கு அது தெரியாது. ஆறு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய ரைகர் ஐந்துக்கே கட்டில் ஓரத்தில் மூச்சுவிட்டபடி நிற்கும். முந்திய திங்கள் தொடங்கி நாளுக்குப் பத்து நிமிடம் சாப்பாட்டைப் பிந்திப் போடுங்கள். சனிக்கிழமைக்குள் 60 நிமிடமும் சரியாகிவிடும். புகை, கார்பன் மொனொக்சைட் அலாரங்களின் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதும் அன்றைக்கே. முதலில் பூனையை வேறு அறையில் விடுங்கள், அந்தச் சத்தத்துக்கு அது திரைச்சீலையில் ஏறும்.

அன்று மாலையிலிருந்தே ஐந்து மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும். மாலை நடைக்கு நாயின் கழுத்தில் மின்னும் பட்டி ஒன்று கட்டுங்கள். இவருக்கும் மின்னும் அங்கி ஒன்று வாங்கினேன். அதைப் போட்டால் வீதி திருத்த வந்தவர் மாதிரி இருக்கிறது என்கிறார். ரைகரோடு வெளியே போவதற்கு அது கட்டாயம் என்று சொல்லி, நாய்க் கயிறு மாட்டும் ஆணியிலேயே கொழுவி வைத்திருக்கிறேன்.