ஆர்எஸ் 6 அவான்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்சீட்டில் உட்காருங்கள்

ஆடியின் வேகமான ஸ்டேஷன் வேகன் ஆர்எஸ் 6 அவான்ட். அதன் 2019-இல் வந்த சி8 தலைமுறையைப் பயன்படுத்திய காராக வாங்க நினைக்கும் குடும்பஸ்தர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது ஜெர்மனியில், ஹைல்புரோனில். இந்தக் கார் தயாராகும் நெக்கார்சுல்ம் ஆலை எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனாலோ என்னவோ, அலுவலகத்தில் தம்பிகள் யாராவது மாதத்துக்கு ஒருமுறை போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். "அண்ணா, இதைப் பாருங்க. கறுப்பு, 22 இன்ச் வீல், செராமிக் பிரேக். எடுத்துடலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சஸ்பென்ஷன் என்னப்பா?" பாதிப் பேர் விளம்பரத்தில் அந்த வரியைத் தேடியே இருக்க மாட்டார்கள்.

பழைய காரில் ஆப்ஷன் எல்லாம் இன்னொருவர் முன்பே தேர்ந்தெடுத்து முடித்தவை. அவருக்குக் குழந்தை இருந்ததா, அவர் தினமும் எந்த ரோட்டில் போனார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே வாங்கிய பிறகு மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். சஸ்பென்ஷன், பின்சக்கர ஸ்டியரிங், ஸ்போர்ட் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு இடையே இழுவையைப் பிரித்துக் கொடுப்பது), சத்தம் தடுக்கும் கண்ணாடி ஆகிய நான்கையும் பிறகு மாட்ட நினைத்தால் செலவு கையைக் கடிக்கும். சக்கரம், கூரைப்பெட்டி, வெயில் திரை, சாமான் வலை எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஏரா, டிஆர்சியா

இந்தக் காருக்கு இரண்டு சஸ்பென்ஷன் உண்டு. ஸ்டாண்டர்டாக வருவது ஆர்எஸ் அடாப்டிவ் ஏர் சஸ்பென்ஷன். சாதாரண ஏ6 அவான்ட்டை விட உடல் 20 மி.மீ. தாழ்ந்து நிற்கும். 120 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இன்னும் 10 மி.மீ. இறங்கும். மெதுவாகப் போகும்போது பட்டனை அழுத்தினால் 20 மி.மீ. உயரும், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் சரிவில் முன்பம்பர் தரையில் உரசாமல் இருப்பது அந்த 20 மி.மீ.யால்தான்.

மற்றது ஆர்எஸ் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் ப்ளஸ், எல்லோரும் டிஆர்சி என்று அழைப்பது. இரும்புச் சுருள் ஸ்பிரிங், மூன்று நிலையில் மாற்றக்கூடிய டாம்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது). முன் இடது டாம்பர் பின் வலதோடும், முன் வலது பின் இடதோடும் எண்ணெய்க் குழாயால் குறுக்காக இணைந்திருக்கும். நடுவில் ஒரு வால்வு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் பாரம் ஏறும் அல்லவா? அப்போது அந்த டாம்பரிலிருந்து எண்ணெய் தள்ளப்பட்டு, குறுக்கே இருக்கும் டாம்பரோடு சேர்ந்து கார் சாய்வதைத் தடுக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் அழுத்தமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆடி இதை முதன்முதலில் 2002-இல் வந்த முதல் ஆர்எஸ் 6-இல் வைத்தது. தனியாக மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு டிஆர்சி தரும் நம்பிக்கையை ஏர் தராது. ஸ்டியரிங்கைத் திருப்பிய நொடியில் கார் திரும்பியிருக்கும்.

அப்படியிருந்தும் குடும்பக் காருக்கு ஏர் எடுங்கள் என்றுதான் சொல்வேன். மென்மையாக இருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். பாரம் அதைவிடப் பெரிய காரணம். இந்தக் காரின் டிக்கி 565 லிட்டர், பின்சீட்டை மடக்கினால் 1,680 லிட்டர். வெறும் காரே 2,075 கிலோ. அதில் நாலைந்து பேர், இரண்டு வாரப் பெட்டிகள், அம்மாவின் மருந்துப் பை, அரிசி மூட்டை வரை ஏற்றிக்கொண்டு கோடையில் இத்தாலிக்குப் புறப்பட்டால் இரும்பு ஸ்பிரிங் பின்னால் அமுங்கத்தான் செய்யும். அமுங்கிய ஸ்பிரிங்குக்கு மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ள மிச்சம் இருக்கும் தூரம் குறைவு. ஏர் சஸ்பென்ஷன் காற்றை ஏற்றிக் காரை அதே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். பாரத்தோடும் பாரமில்லாமலும் ஒரே கார் போல நடந்துகொள்வது குடும்பத்துக்கு மிகவும் தேவையான குணம்.

டிஆர்சி யாருக்கு? வீட்டில் வேறொரு கார் இருந்து, குழந்தைகள் பெரியவர்களாகி, இதை அநேகமாக ஒருவர் இருவரோடு ஓட்டுகிறவருக்கு. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இந்த வகையில் எல்லா நிறுவனமும் இப்படித் தேர்வு தருவதில்லை. 2022-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 டூரிங்கில் இரும்பு ஸ்பிரிங்கும் எலக்ட்ரானிக் டாம்பரும்தான், ஏர் கிடையாது. அந்தக் காரைப் பார்க்கிறவர்கள் கீழே சொல்லும் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

பரிசோதனை ஓட்டம்

விற்பவர் சாவியைக் கொடுத்ததும் நேராக ஆட்டோபானுக்கு (ஜெர்மனியின் விரைவுச்சாலை) போய் மிதிப்பதுதான் எல்லோரும் செய்வது. வி8 என்ஜின் வேகமாகப் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைச் சோதிக்க நேரம் செலவிட வேண்டாம். மனைவியையோ கணவரையோ அழைத்துப் போங்கள். ஓட்டத்தில் பாதி நேரம் நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், நடுவில் அல்ல, குழந்தை இருக்கை வரப்போகும் ஓரத்தில். முன்சீட்டு கிட்டத்தட்டக் காரின் நடுவில் இருக்கிறது. பின்சீட்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். அதனால் ஓட்டுகிறவருக்கு 'கெட்டியாக இருக்கிறது' என்று தோன்றும் அதே பள்ளம் பின்னால் இருப்பவருக்கு முதுகில் குத்தாக வரும்.

பாதையையும் நீங்களே முடிவு செய்யுங்கள். நான் போவது இப்படி: கருங்கல் பாவிய பழைய ஊர்த்தெரு கொஞ்சம், பிறகு கான்கிரீட் பலகை போட்ட ஆட்டோபான், கடைசியாக வைன்ஸ்பெர்க் தாண்டி லோவன்ஸ்டைன் மலை ஏறும் பி39 சாலை. கருங்கல்லில் சின்னச் சின்ன அதிர்வு எவ்வளவு உள்ளே வருகிறது என்று தெரியும். மலையில், வளைவின் நடுவே ஒரு மேடு வரும் இடத்தில் கார் துள்ளிப் பக்கவாட்டில் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை கான்கிரீட்தான் உண்மையான பரீட்சை. பலகைக்குப் பலகை இணைப்பு இருக்கும். 130-இல் போகும்போது 'தட்தட் தட்தட்' என்று ஒரு தாளம் நிற்காமல் வரும். கண்ணாடியில் பின்னால் இருப்பவரின் தலையைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தாடை லேசாக ஆடினால், ஐந்து மணி நேரப் பயணத்தில் அந்தக் குழந்தை தூங்காது. தலை அசையாமல் சத்தம் மட்டும் கேட்டால் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்கிறது, மீதி டயரின் குறை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'என் பெண்ணுக்குக் காரில் வாந்தி வரும், அதனால் மிக மென்மையானது வேண்டும்' என்பவர்கள் நிறைய. எங்கள் சின்னவளுக்கும் அப்படித்தான். குமட்டலைக் கிளப்புவது மேடுபள்ளத்தை விட, வளைவில் பக்கவாட்டாகத் தள்ளுவதும், பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மாற்றி மாற்றி மிதிப்பதும்தான். 800 நியூட்டன் மீட்டர் இழுவை உள்ள காரில் வலது காலைக் கொஞ்சம் அசைத்தாலே பின்சீட்டுத் தலை முன்னும் பின்னும் போகும். எந்த சஸ்பென்ஷனும் அதைச் சரி செய்யாது. குழந்தையோடு போகும்போது கியர்பாக்ஸை டி-யில் விட்டு, என்ஜினை கம்ஃபோர்ட்டில் வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வித்தியாசம் முதல் பயணத்திலேயே தெரியும்.

சக்கரம்

22 அங்குலம் படத்தில் அழகு, அதை நானும் மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். 21 அங்குலத்தில் டயர் 275/35, அதாவது அகலம் 275 மி.மீ., பக்கச்சுவர் அதில் 35 சதவீதம். பக்கச்சுவர் சுமார் 96 மி.மீ. உயரம். 22-இல் 285/30, சுவர் சுமார் 85 மி.மீ. தான். ரோட்டின் முதல் அடியை வாங்குவது இந்த ரப்பர்ச் சுவர். ஸ்பிரிங்குக்குப் போவது அதற்குப் பிறகுதான். ஏர் சஸ்பென்ஷனுக்குக் காசு கொடுத்துவிட்டு 22 அங்குலத்தால் அதில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நடைபாதை ஓரத்தில் உரசினால் அலாய் வளையம் காயப்படுவதும் இதில்தான் அதிகம். நல்ல கார் 22-இல் வந்தால் விட்டுவிடாதீர்கள். கோடைக்கு அதை வைத்துக்கொண்டு வின்டர் டயருக்கு 21 வாங்கலாம். 630 பிஎஸ் (குதிரைத்திறன்) பெர்ஃபார்மன்ஸ் மாடலில் வந்த லேசான 22 அங்குலச் சக்கரம் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொன்றும் 5 கிலோ குறைவு, அது ரோட்டில் உணரக்கூடிய வித்தியாசம்.

பிரேக்கும் உச்ச வேகமும்

சாதாரணமாகக் காரின் உச்ச வேகம் மணிக்கு 250 கி.மீ. டைனமிக் பேக்கேஜில் 280, டைனமிக் ப்ளஸில் 305. ப்ளஸோடு செராமிக் பிரேக்கும் வரும். முன்னால் 440 மி.மீ. வட்டு, இரும்பு பிரேக்கை விட மொத்தம் சுமார் 34 கிலோ குறைவு. ரேஸ் டிராக்குக்குப் போகிறவருக்கு அருமையான பொருள். குடும்பத்துக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இரும்பு வட்டே முன்னால் 420 மி.மீ. அது ஆல்ப்ஸ் இறக்கத்தில் முழுப் பாரத்தோடு இறங்கப் போதும். செராமிக் வட்டின் ஓரம் உடைந்தால் மாற்றும் செலவு பெரியது, சக்கரம் மாற்றும்போது கவனமில்லாத கை பட்டாலே உடையும். இந்த பிரேக்கோடு வரும் கார் என்றால் நான்கு வட்டையும் விளக்கு அடித்து ஓரம் ஓரமாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

305-ஐப் பற்றி ஒரு வார்த்தை. வேகவரம்பு இல்லாத ஆட்டோபானிலும் 130 என்பது பரிந்துரை வேகம். அதைத் தாண்டிப் போகும்போது விபத்து நடந்தால், தப்பு அடுத்தவருடையதாக இருந்தாலும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் மேல் வரலாம்.

பின்சக்கர ஸ்டியரிங்கைத் தேடி வாங்குங்கள். மெதுவாகத் திரும்பும்போது பின்சக்கரங்கள் எதிர்த்திசையில் 5 டிகிரி வரை திரும்பும். வேகத்தில் அதே திசையில் 2 டிகிரி வரை. கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளக் காரை நகரத்துப் பார்க்கிங் கட்டடத்தில் ஒரே வெட்டில் திருப்பும்போது அதன் அருமை தெரியும். ஆட்டோபானில் லாரியைத் தாண்டும்போது பின்சீட்டு ஆடாமல் இருப்பதும் இதனால்தான்.

உள்ளே

சத்தம் தடுக்கும் கண்ணாடி இருந்தால் அதற்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். நான்கு மண்டல ஏசி, பின்சீட்டு ஹீட்டர் இரண்டும் சண்டையைக் குறைக்கும். மின்சாரத்தால் வெளியே வரும் இழுவைக் கொக்கி இருந்தால் நான்கு சைக்கிள் பின்னால் போகும், கூரை காலியாக இருக்கும். பனோரமா கண்ணாடிக் கூரை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

வாங்கும் முன் காரை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும், மேலே இருக்கும் ஃபெண்டர் ஓரம் வரை உயரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். ஏர் காரில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் சஸ்பென்ஷனின் காற்றுப் பை கசியலாம். ஸ்டார்ட் செய்ததும் அதற்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடினாலும் அதே சந்தேகம்தான். டிஆர்சி கார் என்றால் டாம்பரைச் சுற்றியும் குழாய் இணைப்புகளிலும் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். கசிந்தால் சிறப்புக் கருவி வைத்து அழுத்தத்தில் எண்ணெய் நிரப்ப வேண்டும், அதைச் சாதாரணப் பட்டறையில் செய்ய முடியாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த ஆப்ஷன் பட்டியலை வாங்கி, விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள்.

கார் வீட்டுக்கு வந்ததும் ஆர்எஸ்1 நிலையில் சஸ்பென்ஷன் கம்ஃபோர்ட், என்ஜின் கம்ஃபோர்ட், ஸ்டியரிங் பேலன்ஸ்டு என்று சேமித்துவிடுங்கள், அது குடும்பத்துக்கு. ஆர்எஸ்2 உங்களுக்கு, விருப்பம் போல. ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டன் இரண்டுக்கும் இடையே மாற்றும். டயர் காற்றழுத்த ஸ்டிக்கரில் பாதிப் பாரத்துக்கும் முழுப் பாரத்துக்கும் தனித்தனி எண் இருக்கும். தினமும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போக முதல் எண், லீவுக்குப் புறப்படும் காலையில் டயர் சூடாகும் முன் இரண்டாவது எண்.