வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த வகை வீட்டுக் கடன் என்று கேளுங்கள்

வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர் பேங்கில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது வட்டி எத்தனை பெர்சென்ட் என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எந்த வகைக் கடனைத் தருகிறீர்கள் என்று. மனை வாங்க, மனையில் வீடு கட்ட, கட்டிய வீட்டை வாங்க, மேலே மாடி எடுக்க என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடன், தனித்தனி நிபந்தனை.

நிறைய பேர் மாட்டிக்கொள்வது மனைக் கடனில்தான். இப்போதைக்கு இடத்தை வாங்கிப் போடுவோம், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவிடுகிறார்கள். வெறும் மனையாகக் கிடக்கும் வரை அந்தக் கடனுக்கு வருமான வரிச் சலுகை எதுவும் கிடையாது. பல வங்கிகள் இத்தனை வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளும், கட்டாவிட்டால் வட்டியை ஏற்றும். ஓரிரு வருடத்தில் கட்டும் எண்ணம் இருந்தால் மனைக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்துத் தரும் கடனாகவே கேளுங்கள். தமிழ்நாட்டில் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மனைக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கட்டுமானக் கடனில் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் விட்டம்), கான்கிரீட் என்று வேலை முடிய முடியத்தான் தருவார்கள், அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கக் கையில் காசு வேண்டும். முழுத் தொகையும் வரும் வரை பெரும்பாலும் வாங்கிய பணத்துக்கான வட்டியை மட்டும் கட்டுவீர்கள், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வேலையை இழுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அடுத்து, வட்டி ஃபிக்ஸடா (மாறாதது) ஃப்ளோட்டிங்கா (ஏறி இறங்குவது). ஃபிக்ஸட் என்று சொன்னால் கடைசி வரைக்குமா, முதல் சில வருடங்களுக்கு மட்டுமா என்று கேட்டே ஆக வேண்டும். ஃப்ளோட்டிங் என்றால் எதோடு இணைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். வங்கி அல்லாத வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ரெப்போ குறைந்தாலும் உங்கள் வட்டி அதே வேகத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வட்டி ஏறும்போது இ.எம்.ஐ. அப்படியே இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், இதுதான் என் கண்ணுக்கு மிகப் பெரிய தவறு. 30 லட்சம், 20 வருடம், 8.5% என்றால் இ.எம்.ஐ. சுமார் 26,035 ரூபாய். வட்டி ஆரம்பத்திலேயே 9.5% ஆகி, இ.எம்.ஐ.யை மாற்றாமல் விட்டால் கடன் முடிய 25 வருடத்துக்கும் மேல் ஆகும், கூடுதலாகக் கட்டுவது சுமார் 18 லட்சம்! இ.எம்.ஐ.யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ரிசர்வ் வங்கி 2023-லேயே கொடுத்துவிட்டது. முடிந்தால் இ.எம்.ஐ.யை ஏற்றச் சொல்லுங்கள். போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள், தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

கைக்காசுக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90%, 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% என்பதுதான் உச்சவரம்பு. பத்திரச் செலவு பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. 50 லட்சத்துக்குப் பழைய வீடு வாங்கினால் முன்பணம் 10 லட்சம், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9% கணக்கில் இன்னொரு 4.5 லட்சம். இதில் குறைகிற பணத்தை பெர்சனல் லோன் போட்டு அடைக்கவே அடைக்காதீர்கள். அதன் வட்டியும் அதிகம், இரண்டு இ.எம்.ஐ. சேர்ந்தால் மாதச் சம்பளம் தாங்காது.

சரி, கையெழுத்துப் போடும் முன் கடனின் வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையை (கே.எஃப்.எஸ்.) வாங்கிப் படியுங்கள். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி, அதனால் தமிழிலேயே கேளுங்கள். செயலாக்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த வருடாந்திரச் செலவு விகிதம் அதில் இருக்கும். யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் தர வேண்டும், இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால் தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.